வேர்களும் ஆவணங்களும்: குடும்பத் தோற்றக் கதைகளின் திருத்தம் பற்றிய ஒரு நோக்கு

மனித குலத்தின் மிகப் பழைய கதை வடிவங்களுள் ஒன்று, ஒரு குடும்பம் தன் தோற்றத்தைக் குறித்துத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் கதையாகும். ஏட்டில் ஏறாது, பாட்டியின் வாயிலிருந்து பேரப்பிள்ளையின் செவிக்கு இறங்கிவரும் இக்கதைகள் தமக்கென ஓர் இலக்கணத்தை உடையன. தொலைவிலிருந்து வந்த ஒரு முதல் மூதாதை, அவன் வந்தமைக்கு ஒரு காரணம், அவன் இழந்த அல்லது பெற்ற ஒரு பெருமை, அவன் விட்டுச்சென்ற ஓரிரு சொற்கள் ஆகியனவே அவ்விலக்கணத்தின் உறுப்புக்கள். சொல்வோருக்கு அது வரலாறு. கேட்போருக்கு அது குலத்தின் மானம். ஆகவே கதையை ஐயுறுதல் மூத்தோரை ஐயுறுதலாகவே கொள்ளப்படுகின்றது.

குடும்பத்தின் எல்லைக்குள் வழங்கும்வரை அக்கதைக்குச் சான்று கேட்போர் இலர். அச்சேறி, வரலாறு என்ற உரிமையைக் கோரிப் பொதுவெளிக்கு வரும்போதே பிறரின் ஆய்வுக்கும் அது உரியதாகின்றது. அவ்வாய்வு ஒருவரால் மட்டும் நிகழ்வதன்று. வமிசாவளி அறிஞர், வரலாற்றாசிரியர், சுவடிகூடத்தார், அதே மூதாதையைத் தமதாகக் கொள்ளும் பிற கிளையினர் எனப் பலர் கூடிச் செய்யும் பணியாகவே அது அமைகின்றது. இப்பணியினால் குடும்பக் கதை எதனை இழக்கின்றது, எதனைப் பெறுகின்றது என்ற வினாவுக்கு விடை காண மிகப் பொருத்தமான நூல், அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி 1976 இல் வெளியிட்ட ‘வேர்கள்’ ஆகும்.

நூலும் அதன் வரவேற்பும்

‘வேர்கள்’ நூலின் கரு ஹேலியின் தாய்வழிப் பாட்டியான சிந்தியா சொன்ன கதையிலிருந்து தோன்றியது. டென்னசி மாநிலத்து ஹெனிங் என்னும் சிற்றூரில், வீட்டு விறாந்தையில் அமர்ந்து அவரும் அவர்தம் உறவினரும் ‘அந்த ஆபிரிக்கன்’ பற்றிப் பேசுவது வழக்கம். அவன் தன் பெயரைக் ‘கின்டே’ என்றான். நரம்பு வாத்தியமொன்றைக் ‘கோ’ என்றான். ஆற்றைக் காட்டிக் ‘கம்பி பொலொங்கோ’ என்றான். மேளம் செய்வதற்கு மரம் வெட்டச் சென்றவிடத்துப் பிடிபட்டுக் கப்பலேற்றப்பட்டு, ‘நேப்ளிஸ்’ என்ற துறையில் இறக்கப்பட்டான். வேர்ஜீனியாவில் வாலர் குடும்பத்தார் அவனை வாங்கி ‘டோபி’ என்று பெயரிட்டனர். நான்கு முறை தப்பியோடிய அவனது பாதத்தின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அவன் மகள் கிஸ்ஸி. கிஸ்ஸியின் மகன் ஜோர்ஜ். ஜோர்ஜின் மகன் கொல்லனான டொம் மறே. டொம் மறேயின் மகளே சிந்தியா.

இக்கதையைப் பின்பற்றி ஹேலி பல ஆண்டுகள் அலைந்தார். வட கரோலினாவின் 1870 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் டொம் மறேயின் குடும்பத்தைக் கண்டார். ஆபிரிக்க வாய்மொழி மரபுகளின் ஆய்வில் முன்னோடியான யான் வன்சினா, பாட்டி காத்துவைத்த சொற்கள் மன்டிங்கா மொழியைச் சார்ந்தன என்றும், ‘கம்பி பொலொங்கோ’ என்பது கம்பியா ஆற்றைக் குறிக்கலாம் என்றும் அவருக்குச் சுட்டினார். 1967 இல் ஹேலி கம்பியாவின் ஜூபூரே கிராமத்துக்குச் சென்றார். அங்கு கெபா கன்ஜி போபானா என்ற முதியவர், கின்டே குலத்தின் கொடிவழியைச் சொல்லி வருகையில், அரசனின் படைவீரர் வந்த காலத்தில் குன்டா என்ற இளைஞன் மரம் வெட்டச் சென்று மீளாமற் போனான் என்று கூறினார். அதன்பின் ஹேலி கப்பற் பதிவுகளைத் தேடினார். 1767 யூலையில் கம்பியாவிலிருந்து புறப்பட்டு, அவ்வாண்டு செப்டெம்பர் 29 ஆம் திகதி மேரிலாந்தின் அனாபொலிஸ் துறையை அடைந்த ‘லோர்ட் லிகோனியர்’ என்ற கப்பலைக் கண்டுபிடித்தார். ஏற்றப்பட்ட 140 அடிமைகளுள் 98 பேரே உயிருடன் கரைசேர்ந்தனர். 1768 செப்டெம்பரில் ஜோன் வாலர் என்பவர் தம் சகோதரர் வில்லியம் வாலருக்கு எழுதிக்கொடுத்த உறுதியில் ‘டோபி’ என்ற அடிமையின் பெயர் காணப்பட்டது. பாட்டியின் கதையும் முதியவரின் சொல்லும் கப்பலும் உறுதியும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகப் பொருந்திவிட்டன என்பதே நூலின் முடிபு.

நூல் பெற்ற வரவேற்பு இலக்கிய உலகின் எல்லையைக் கடந்தது. 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பப்பட்ட போது பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் அதன் ஏதேனும் ஒரு பகுதியையாவது பார்த்தனர். அவ்வாண்டே புலிற்சர் பரிசுக் குழுவினர் சிறப்புப் பாராட்டு ஒன்றினை வழங்கினர். அடிமை முறையால் பெயரையும் மொழியையும் ஊரையும் இழந்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு, ஆறு தலைமுறைகளுக்கு அப்பால் பெயருடனும் ஊருடனும் ஒரு மூதாதை கிடைத்துவிட்டான். இந்த உணர்வின் ஆழத்தை மனங்கொள்ளாது நூலின் பிழைகளை மட்டும் எண்ணுதல் திறனாய்வாகாது.

ஆவணங்கள் சொல்வன

‘வேர்கள்’ அமைப்பிலே நாவல். உரிமை கோரலிலே வரலாறு. இறுதி அத்தியாயங்களில் ஆசிரியர் தாமே தோன்றித் தமது தேடலை விவரிக்கின்றார். அதுவரை நாவலாகப் படித்து வந்தவற்றையெல்லாம் வாசகன் பின்னோக்கி வரலாறாக ஏற்குமாறு செய்வது அப்பகுதியே. ஆகையால் அத்தேடலை அதன் சொந்த அளவுகோலால் அளத்தல் நியாயமானது.

அவ்வாறு அளந்தோருள் முதன்மையானவர்கள் வமிசாவளி அறிஞரான எலிசபெத் ஷோன் மில்சும் வரலாற்றாசிரியரான அவர்தம் கணவர் கேரி மில்சும் ஆவர். ஹேலி பயன்படுத்திய அதே வேர்ஜீனியப் பதிவேடுகளை அவர்கள் மீண்டும் படித்து, 1981 இல் வேர்ஜீனிய வரலாற்றுச் சஞ்சிகையில் தமது முடிவுகளை வெளியிட்டனர். வாலர் குடும்பத்தாரிடம் டோபி என்ற அடிமை இருந்தது உண்மை. ஆயின் அவன் 1762 ஆம் ஆண்டிலேயே அவர்களது பதிவுகளில் இடம்பெறுகின்றான். ‘லோர்ட் லிகோனியர்’ வந்ததோ 1767 இல். கப்பல் வருமுன்னே வேர்ஜீனியாவில் இருந்தவன் அக்கப்பலில் வந்தவனாக இருத்தல் இயலாது. மேலும், 1782 அளவில் டோபியின் பெயர் பதிவுகளிலிருந்து மறைந்துவிடுகின்றது. நூலின்படி அவனது மகள் கிஸ்ஸி பிறந்தது 1790 இல். கிஸ்ஸியின் சிறுவயதுத் தோழியாக நூலில் வரும் வாலர் குடும்பத்துச் சிறுமியும், ஆவணங்களின்படி அக்காலத்தில் வளர்ந்த பெண்ணாகவே இருந்தாள்.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதே ஆய்வு மாணவருக்குப் பயன்தரும் வினா. கப்பல் 1767 இல் வந்தது. உறுதி 1768 இல் எழுதப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஓராண்டே உண்டு. உறுதியிலுள்ள பெயரும் பாட்டி சொன்ன பெயரும் ஒன்றே. எனவே இருவரும் ஒருவரே என்று ஹேலி துணிந்தார். தேடியது கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிட்டார். கிடைத்த ஆவணத்துக்கு முற்பட்ட ஆண்டுகளையும் பிற்பட்ட ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்திருப்பின் சங்கிலி அவர் கண்முன்னரே அறுந்திருக்கும். பெயரொற்றுமை ஆளொற்றுமை ஆகாது என்பதும், ஒரு முடிபை நிறுவும் சான்றைப் போலவே அதனை மறுக்கக்கூடிய சான்றையும் தேடவேண்டும் என்பதும் கொடிவழி ஆய்வின் பாலபாடங்கள்.

மில்ஸ் தம்பதியரின் ஆய்வு நூலை முழுவதும் தள்ளிவிடவில்லை என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. உள்நாட்டுப் போருக்குப் பிற்பட்ட மறே குடும்பத்தின் வரலாறு ஆவணங்களுடன் பெரும்பாலும் இசைகின்றது. போருக்கு முற்பட்ட தலைமுறைகளுக்குச் செல்லும்போதே கதையும் ஆவணமும் பிரிகின்றன. இது தற்செயலன்று. 1850, 1860 ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளனின் பெயரின் கீழ் அடிமைகளின் வயதும் பாலும் நிறமுமே குறிக்கப்பட்டன. மிகச் சில இடங்கள் தவிர அவர்தம் பெயர்கள் எழுதப்படவில்லை. விடுதலை பெற்றோர் அனைவரையும் பெயர் சுட்டிப் பதிந்த முதலாவது நாடளாவிய குடிசன மதிப்பீடு 1870 ஆம் ஆண்டினதே. அமெரிக்கக் கறுப்பினத்தவர் தம் முன்னோரைத் தேடிச் செல்கையில் முட்டிநிற்கும் சுவர் அது. ஹேலியின் கதை உடையும் இடமும் அச்சுவரேயாகும்.

ஜூபூரேயின் சாட்சியம்

ஆபிரிக்கப் பகுதியைப் பொறுத்தவரை, 1977 ஏப்பிரலில் லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகையில் மார்க் ஒட்டவே எழுதிய கட்டுரை முதல் ஐயத்தைக் கிளப்பியது. நூலில் வரும் ஜூபூரே வெளியுலகம் அறியாத, வெள்ளையரைக் கண்டிராத அமைதியான சிற்றூர். வரலாற்று ஜூபூரேயோ ஆற்றின் நடுவே பிரித்தானியர் கோட்டை கட்டியிருந்த ஜேம்ஸ் தீவுக்கு எதிரேயுள்ள வணிகத் துறை. அங்கு வாழ்ந்தோர் ஐரோப்பிய வணிகருடன் நாளாந்தம் பழகியவர்கள். முதியவர் போபானா பரம்பரைப் பயிற்சி பெற்ற ‘கிரியோ’ அல்லர் என்பதும், ஹேலி எதனைத் தேடி வருகின்றார் என்பது முன்னரே அங்குள்ளோருக்குத் தெரிந்திருந்தது என்பதும் வெளிப்பட்டன. போபானாவின் நம்பகத்தன்மை பற்றிக் கம்பியாவின் சுவடிகூடத்தைச் சேர்ந்தோரே ஹேலிக்கு முன்னர் எச்சரிக்கை தெரிவித்திருந்தனர்.

கம்பியாவில் வாய்மொழி மரபுகளைச் சேகரித்து வந்த வரலாற்றாசிரியர் டொனால்ட் றைற், 1981 இல் இவ்விடயத்தை மேலும் ஆழமாக ஆராய்ந்தார். அங்குள்ள வாய்மொழி மரபுகள் அரச குலங்களையும் குடியேற்றங்களையும் நினைவில் வைத்திருக்கின்றன; இருநூறு ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன ஒரு சாதாரண இளைஞனின் தனி வாழ்வைக் காத்துவைத்தல் அவற்றின் இயல்பன்று. கேட்போன் எதிர்பார்க்கும் விடையைச் சொல்வோன் உணர்ந்து தருதல் எங்கும் நிகழ்வதே. அதனினும் முக்கியமானது, அச்சிலும் திரையிலும் வந்த கதை மீண்டும் வாய்மொழிக்குள் புகுந்துவிடுதல். நூல் பரவிய பின்னர் ஜூபூரேயில் குன்டாவின் கதையைக் கேட்பவர், ஹேலிக்கு முற்பட்ட மரபைக் கேட்கின்றாரா, ஹேலியின் எதிரொலியைக் கேட்கின்றாரா என்று பிரித்தறிதல் அரிது. ஜேம்ஸ் தீவு 2011 இல் குன்டா கின்டே தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஒரு கற்பனை நிலப்படத்திலேயே ஏறிவிட்டமைக்கு இது சான்று.

புனைவின் உரிமையும் வாசகனின் உரிமையும்

ஹேலி தமது நூலை உண்மையும் புனைவும் கலந்த ஒரு வடிவம் என்றே விவரித்தார். உரையாடல்களையும் அன்றாட நிகழ்ச்சிகளையும் தாம் கற்பித்ததை அவர் மறைக்கவில்லை. நாவலாசிரியனுக்கு இந்த உரிமை உண்டு. ஆனால் கற்பித்தது எது, கண்டறிந்தது எது என்ற எல்லைக்கோட்டை வாசகன் அறிய முடியாதவாறு அழித்துவிடும் உரிமை அவனுக்கு உண்டோ என்பதே பிரச்சினை. உரையாடல் கற்பனை என்றறிந்த வாசகனும் கப்பலும் கிராமமும் டோபியும் கிஸ்ஸியும் மெய்யென்றே நம்பினான். அந்நம்பிக்கையை நூலின் இறுதி அத்தியாயங்கள் கேட்டுப் பெற்றன. ஹரோல்ட் கோர்லாண்டர் 1967 இல் வெளியிட்ட ‘ஆபிரிக்கன்’ என்ற நாவலிலிருந்து பகுதிகள் எடுக்கப்பட்டன என்று தொடுக்கப்பட்ட வழக்கு, 1978 இல் 650,000 டொலர் கொடுத்து இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. கோர்லாண்டரின் நூலிலுள்ள சில பகுதிகள் தமது நூலுக்குள் வந்துவிட்டன என்பதை ஹேலி ஒப்புக்கொண்டார். ஒரு குடும்பத்தின் தனி நினைவாக முன்வைக்கப்பட்ட நூலில் வேறொருவரின் புனைவு கலந்திருந்தமை, எல்லைக்கோடு எவ்வளவு மங்கியிருந்தது என்பதைக் காட்டும்.

இவ்விடத்தில் ஈழத்திற் பிறந்த மைக்கல் ஒண்டாச்சி 1982 இல் வெளியிட்ட ‘ரண்ணிங் இன் த ஃபமிலி’ என்ற நூலை ஒப்புநோக்கலாம். தமது முதல் மூதாதை 1600 இல் இலங்கைக்கு வந்த ஒரு வைத்தியர் என்றும், ஆளுநரின் மகளை மூலிகையால் குணப்படுத்தி நிலமும் அந்நிய மனைவியும் ஒல்லாந்த எழுத்தில் அமைந்த பெயரும் பெற்றார் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். தோற்றக் கதையின் உறுப்புக்கள் யாவும் இங்கே உள்ளன. ஆயின் ஒல்லாந்தரின் முதற் கப்பல் ஸ்பில்பேர்கன் தலைமையில் மட்டக்களப்பை அடைந்தது 1602 இல். கொழும்பு அவர்கள் வசமானது 1656 இல். 1600 இல் இங்கு ஒல்லாந்த ஆளுநரும் இலர். ஒல்லாந்தப் பெயர் சூட்டுவாரும் இலர். எனவே ஆண்டு பிழையாகவோ கதை பிற்காலத்ததாகவோ இருத்தல் வேண்டும். 1908 இல் நிறுவப்பட்ட இலங்கை ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தேவாலயப் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டு பல குடும்பங்களின் கொடிவழிகளைத் தன் சஞ்சிகையில் தொடர்ந்து வெளியிட்டு வந்தது. இத்தகைய கதைகளைச் சோதிப்பதற்கு அது ஒரு பொதுக் களம் அமைத்தது. எனினும் ஒண்டாச்சியின் நூலை இப்பிழை சாய்த்துவிடுவதில்லை. தமது நூல் வரலாறன்று என்பதை அவரே நூலின் முடிவில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். மிகைப்படுத்திச் சொல்லும் உறவினரின் இயல்பே அங்கு பொருளாகின்றது. கதையைக் கதையாகவே தந்தவரிடம் சான்று கேட்பாரில்லை. கதையைச் சான்றாகத் தந்தவரே அதற்குப் பொறுப்புக் கூறவேண்டியவர்.

திருத்தத்தின் இரு முகங்கள்

ஆவணத்தின் துணைகொண்டு வாய்மொழியைத் திருத்துதல் எப்பொழுதும் ஒடுக்கப்பட்டோரின் நினைவுக்கு எதிராகவே முடியும் என்று கருதுவோர் உளர். அக்கருத்து முற்றிலும் ஆதாரமற்றதன்று. அடிமை முறையின் ஆவணங்களை எழுதியவர்கள் உடைமையாளரே. அவர்கள் எழுதாது விட்டதை வைத்து, எழுதப்படாதோர் வாழவேயில்லை என்று முடிவு செய்வது முதல் அநீதியின் மேல் இரண்டாவது அநீதியாகும். ஆயினும் எழுதப்பட்டோரின் குடும்பங்களும் தமக்கென ஐதீகங்களை வளர்க்கின்றன என்பதையும், கூட்டாய்வு அவற்றையும் விட்டுவைப்பதில்லை என்பதையும் தோமஸ் ஜெபர்சனின் வீட்டு வரலாறு காட்டுகின்றது.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியான ஜெபர்சன், தம் அடிமைப் பெண்ணான சாலி ஹெமிங்ஸ் மூலம் பிள்ளைகளைப் பெற்றார் என்ற செய்தி 1802 இல் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. சாலியின் மகன் மடிசன் ஹெமிங்ஸ், தாம் ஜெபர்சனின் மகன் என்று 1873 இல் ஓஹாயோ மாநிலப் பத்திரிகையொன்றில் தமது வாழ்க்கை வரலாற்றைக் கூறுகையில் தெரிவித்தார். ஜெபர்சனின் பேரப்பிள்ளைகளோ அப்பிள்ளைகளின் தந்தையர் ஜெபர்சனின் சகோதரி மக்களான கார் சகோதரர்களே என்று கூறிவந்தனர். வரலாற்றாசிரியர் பலர் நூறாண்டுக்கும் மேலாகப் பேரப்பிள்ளைகளின் சொல்லை வரலாறு என்றும், மடிசனின் சொல்லை வதந்தி என்றும் கொண்டனர். இரண்டும் குடும்ப வாய்மொழிகளே. ஒன்று நம்பப்பட்டதும் மற்றொன்று தள்ளப்பட்டதும் சான்றின் தராதரத்தால் அன்று, சொன்னோரின் தராதரத்தால் என்பதைச் சட்டப் பேராசிரியர் அனெற் கோர்டன்-றீட் 1997 இல் தமது நூலில் தெளிவாக நிறுவினார்.

அடுத்த ஆண்டு ‘நேச்சர்’ சஞ்சிகையில் மரபணுச் சோதனை முடிவுகள் வெளியாயின. தந்தை வழியே மகனுக்கு மாறாது இறங்கும் நிறமூர்த்தம் இதற்குப் பயன்பட்டது. ஜெபர்சனுக்கு ஆண்வழி வாரிசு எஞ்சாமையால் அவர் தந்தையின் சகோதரரது வழிவந்தோரிடமிருந்து மாதிரிகள் பெறப்பட்டன. சாலியின் கடைசி மகன் எஸ்டன் ஹெமிங்ஸின் வழித்தோன்றலின் மாதிரி அவற்றுடன் பொருந்தியது. கார் குடும்பத்தாரின் மாதிரிகள் பொருந்தவில்லை. ஜெபர்சன் குடும்பத்தார் தலைமுறைகளாகக் காத்துவந்த மறுப்புக் கதை எஸ்டனைப் பொறுத்தவரை தகர்ந்தது.

ஆனால் அதே சோதனை வேறொரு குடும்பத்தின் நம்பிக்கையையும் தகர்த்தது. தோமஸ் வுட்சன் என்ற கறுப்பினத்தவரின் வழிவந்தோர், அவரே சாலியின் மூத்த மகன் என்ற மரபைப் பல கிளைகளிலும் பேணி வந்தனர். அவர்களுட் பலரின் மாதிரிகள் சோதிக்கப்பட்டும் ஜெபர்சன் வழியுடன் ஒன்றும் பொருந்தவில்லை. ஒரே ஆய்வு ஒடுக்கப்பட்டோரின் ஒரு மரபை உறுதிசெய்து, இன்னொன்றை மறுத்து, ஒடுக்கியோரின் மரபையும் மறுத்தது. ஆய்வின் நடுநிலைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது. இச்சோதனையின் எல்லையும் உணரப்பட வேண்டும். ஆண்வழி நிறமூர்த்தம் குலத்தைக் காட்டுமேயன்றி ஆளைச் சுட்டாது. ஜெபர்சன் குலத்து ஆண்கள் பலருள் தந்தை இன்னாரே என்பதற்கு, சாலி கருவுற்ற காலங்களில் ஜெபர்சன் வீட்டில் இருந்தமையைக் காட்டும் பதிவுகளும், மடிசனின் வாய்மொழியும் துணைநிற்க வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கியே மொன்டிசெல்லோவைப் பராமரிக்கும் நிறுவனம் 2000 இல் ஜெபர்சனே தந்தையாக இருத்தற்கு மிகுந்த வாய்ப்புண்டு என்று அறிவித்தது. அம்முடிபை ஏற்காத அறிஞரும் உளர்.

எஸ்டனின் குடும்பக் கதை மேலும் ஒரு படிப்பினையைத் தருகின்றது. அவர் 1852 இல் விஸ்கொன்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, ஜெபர்சன் என்ற குடும்பப் பெயரைச் சூடி, வெள்ளையராக வாழத் தொடங்கினார். அவர் வழிவந்தோர் பிற்காலத்தில், தாம் ஜெபர்சனின் உறவினர் ஒருவரின் வழியினர் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். கறுப்பினப் பாட்டியை மறைப்பதற்காகக் கதை திட்டமிட்டு மாற்றப்பட்டது. 1974 இல் போன் புரோடி எழுதிய ஜெபர்சன் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதே, எஸ்டன் என்ற பெயரைக் கண்டு அக்குடும்பத்தார் தம் கதையின் மறைபொருளை உணர்ந்தனர். தோற்றக் கதைகள் மறதியினால் மட்டும் பிழைபடுவதில்லை. அச்சத்தினாலும் மானத்தினாலும் வேண்டுமென்றே திருத்தி எழுதப்படுகின்றன. அவற்றில் உள்ள பொய்யும் அக்காலச் சமூகத்தின் மெய்யைப் புலப்படுத்தும் சான்றாகின்றது.

கூட்டாய்வின் பயன்

ஹேலிக்கும் மொன்டிசெல்லோ ஆய்வாளருக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு திறமையின் வேறுபாடன்று, முறையின் வேறுபாடு. ஹேலி தனியொருவராகத் தேடினார். அவர் கண்ட ஆவணத்தை இன்னொருவர் கண்கொண்டு பார்ப்பதற்கு நூல் வெளிவரும்வரை வாய்ப்பிருக்கவில்லை. மொன்டிசெல்லோவில் 1993 இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டம், அங்கு அடிமைப்பட்டிருந்தோரின் வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று பல கிளைகளின் கதைகளையும் பதிவு செய்தது. ஒரு கிளை மறந்ததை இன்னொரு கிளை நினைவில் வைத்திருக்கும். ஒரு கிளை சேர்த்ததை இன்னொரு கிளையின் மௌனம் காட்டிக்கொடுக்கும். ஒன்றையொன்று அறியாத இரு கிளைகள் ஒரே செய்தியைச் சொல்லும்போதே அதன் வலு மிகுகின்றது. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி மூலபாடம் காணும் பதிப்பாசிரியரின் முறைக்கு இது பெரிதும் ஒப்பானது.

‘வேர்கள்’ நூலின் மெய்யான பயனும் இவ்விடத்திலேயே காணப்படுகின்றது. அந்நூலின் கொடிவழி நிலைபெறவில்லை. ஆனால் அது மூட்டிய தாகம் நிலைபெற்றது. தொடர் ஒளிபரப்பான அதே 1977 ஆம் ஆண்டில் வாஷிங்டனில் ஆபிரிக்க-அமெரிக்க வரலாற்று, வமிசாவளிச் சங்கம் நிறுவப்பட்டது. உள்நாட்டுப் போரின் பின்னர் விடுதலை பெற்றோருக்கென அமைக்கப்பட்ட அரச பணியகத்தின் பதிவுகளைப் பெயர்வாரியாக அட்டவணைப்படுத்தும் பணியில், 2015, 2016 ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஈடுபட்டனர். ஏறத்தாழ 18 இலட்சம் பெயர்கள் அதனால் தேடத்தக்கனவாயின. 1870 ஆம் ஆண்டின் சுவரிற் சில கற்கள் பெயர்க்கப்பட்டன. ஹேலி தனியே தாண்ட முயன்று இடறிய இடத்தை இன்று பலர் கூடிக் கடக்கின்றனர்.

இவற்றை நோக்குமிடத்து, திருத்தம் என்பது குடும்பத்துக்கு எதிரான வழக்கன்று என்பது புலனாகும். பாட்டி சிந்தியாவின் கதை பொய்யென்று எவரும் நிறுவவில்லை. ஆபிரிக்காவிலிருந்து ஒருவன் வந்தான், தன் பெயரை மறக்க மறுத்தான், தன் சொற்களில் சிலவற்றை மகளுக்குக் கற்பித்தான் என்ற அளவில் அக்கதை இன்றும் நிற்கின்றது. அது எவ்வகையிலும் சிறிய செய்தியன்று. நிலைபெறாது போனது பாட்டி சொல்லாத கப்பலும் திகதியும் கிராமமுமே. ஐயத்துக்கு இடமிருந்த இடத்தில் ஐயத்தையே எழுதியிருந்தால் நூலின் கவர்ச்சி சிறிது குறைந்திருக்கலாம். ஆனால் பாட்டியின் சாட்சியத்தை எள்ளி நகையாடப் பகைவருக்கு வாய்ப்புக் கிடைத்திராது. ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றை எழுதுவோருக்குச் சான்றில் கூடுதற் கண்டிப்பு வேண்டப்படுவது இதனாலேயே. அவர்களது ஒரு பிழை ஒருவரின் பிழையாக நில்லாது, ஓர் இனத்தின் நினைவு முழுவதையும் மறுப்பதற்கான சாட்டாகின்றது.

இறுதியாக, இந்த வழக்கில் பெரும்பாலும் மறக்கப்படுபவன் ஒருவன் உளன். வாலர் குடும்பத்தின் பதிவேடுகளில் 1762 முதல் பெயர் காணப்பட்டு, 1782 அளவில் சுவடின்றி மறைந்த மெய்யான டோபியே அவன். அவன் எங்கிருந்து வந்தான், யாரை மணந்தான், அவனுக்குப் பிள்ளைகள் இருந்தனரோ என்பன பதியப்படவில்லை. உடைமையாளன் அவனைச் சொத்துப் பட்டியலின் ஒரு வரியாக்கினான். நாவலாசிரியன் அவன் பெயரை எடுத்து வேறொரு நாயகனுக்குச் சூட்டினான். அவனை மறே குடும்பத்தின் மூதாதை என்று கொள்ள ஆவணங்கள் இடம் தரவில்லை என்று காட்டிய ஆய்வே, அவனை அவனாக, அவனுக்குரிய ஆண்டுகளுடன் முதன்முறையாகத் தனித்து நிறுத்தியது. தோற்றக் கதைகளைத் திருத்துதலின் அறம் இதுவே: நம் பெருமைக்காக நாம் எடுத்துக்கொண்ட முன்னோரின் வாழ்வை, அது எத்துணைச் சிறிய வரியாயினும், அவர்களுக்கே மீட்டளித்தல்.